இலைச்சாற்றில் எந்த ஆக்சைடு? மருத்துவ ஆய்வுக்கு ஐந்து தேர்வுகள், ஓர் ஒப்பீடு

ஜூன் மாதம் கல்லூரிகள் திறந்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "ஐயா, ஆவாரையில் துத்தநாக ஆக்சைடு செய்யலாமா, முருங்கையில் இரும்பு ஆக்சைடு செய்யலாமா, எது நல்லது?" இலைச்சாற்றைச் சேர்த்து உலோக ஆக்சைடின் நானோ துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளை, செய்து மருத்துவத்துக்குச் சோதிப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காரைக்குடியில் மட்டும் இல்லை. தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வரை வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு இது வழக்கமான ஆய்வுத் தலைப்பாகிவிட்டது. காரணம் புரிகிறது. இலை வேலியோரத்தில் கிடைக்கிறது. உலோக உப்பு மலிவு. கலக்கியும் சூடேற்றியும் எல்லாக் கல்லூரி ஆய்வகத்திலும் உண்டு. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும் இங்கேயே இருப்பதால், சந்தேகம் கேட்க ஆளுக்கும் குறைவில்லை.

ஆனால் ஆறு மாதம் கழித்து அதே மாணவர்களில் பலர் ஒரு சிறு குப்பியில் வெள்ளைப் பொடியோடு திரும்பி வருகிறார்கள். அதை வைத்து என்ன நிரூபிப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தேர்வு முதல் வாரத்திலேயே பிசகிவிட்டது என்பதை அப்போது சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் இந்த ஆண்டு முன்கூட்டியே எழுதுகிறேன். கையில் இருக்கும் இலையை வைத்துத் தலைப்பைத் தேடாதீர்கள். எந்த நோய்க்கு, உடம்பில் எந்த இடத்தில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற ஆக்சைடு எது என்பது அங்கிருந்து தெரியும். இலையை எல்லாவற்றுக்கும் கடைசியில் தேர்ந்தெடுங்கள்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, துகள் எங்கே போகப் போகிறது? புண்ணின் மேல் பூசுவதற்கும் இரத்தத்தில் செலுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இரண்டு, அந்த உலோகத்தோடு இலைச்சாறு உண்மையில் என்ன வேதிவினை செய்கிறது?

மூன்று, அடுத்த மாதம் அதே இலையில் செய்தால் அதே துகள் வருமா?

நான்கு, கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் உயிரணுவைக் கொல்லும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது?

ஐந்து, செய்து முடித்ததை நிரூபிக்க எத்தனை கருவிகள் வேண்டும்? துகள் செய்வதற்கு ஆகும் செலவு பொருட்டே இல்லை. அது இன்னதுதான் என்று காட்டுவதற்கு ஆகும் செலவுதான் மாணவர்களை மூச்சுத் திணற வைக்கிறது.

## இலை என்ன செய்கிறது?

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வேடுகளில் அதிகம் தவறாக எழுதப்படுவது இதுதான்.

வெள்ளி நைட்ரேட்டில் இலைச்சாற்றை ஊற்றினால் கரைசல் பழுப்பாக மாறுகிறது. வெள்ளி அயனி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோக வெள்ளியாகிறது. அங்கே இலையின் பாலிபீனால்கள் ஒடுக்கும் வேலையைச் செய்கின்றன. வெள்ளியின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை எவ்வளவு எளிதாக வாங்கும் என்று காட்டும் எண்) +0.80 வோல்ட் என்பதால் அது எளிதில் நடக்கிறது. இந்தக் கதையை அப்படியே துத்தநாகத்துக்கும் எழுதிவிடுகிறார்கள். துத்தநாகத்துக்கு அந்த எண் −0.76 வோல்ட். எந்த இலைச்சாறும் தண்ணீரில் துத்தநாக அயனியை உலோகமாக்காது. ஆக்கத் தேவையும் இல்லை. நைட்ரேட் உப்பில் துத்தநாகம் +2 நிலையில் இருக்கிறது, துத்தநாக ஆக்சைடிலும் +2 நிலையில்தான் இருக்கிறது. ஒடுக்கம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. காரத்தால் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிறது, சூட்டில் நீரை இழந்து ஆக்சைடாகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இலைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுச் சுவரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரை ஊற்றிக் குழைப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். தொட்டியில் நீர் பழுப்பாக இருந்தது. "ஏன் அண்ணே, வெறும் தண்ணீர் போதாதா?" என்றேன். "வெறும் தண்ணியில குழைச்சா பொரிப்பொரியா நிக்கும் தம்பி, இது நைஸா இறுகும்" என்றார். செட்டிநாட்டுச் சுவர்களின் வழவழப்புக்கு முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி, கடுக்காய் என்று காரணம் சொல்வார்கள். கனிமப் படிகம் வளரும்போது தாவரச் சத்து அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு, கண்டபடி பெருத்துவிடாமல் பிடித்துவைக்கிறது. இலைச்சாற்றின் வேலையும் பெரும்பாலும் அதுவே. உலோக அயனியைக் கட்டிப்பிடிப்பது, பிறந்த துகளைப் போர்த்துவது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைப்பது. அது பெரிய உதவி. அதை அதன் பெயரிலேயே எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் சூளை. பல செய்முறைகளில் வீழ்படிவை 400 அல்லது 500 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுடச் சொல்லியிருக்கும். அந்தச் சூட்டில் இலையின் கரிமப் போர்வை எரிந்துபோகும். மிஞ்சுவது ஆக்சைடும், இலைச் சாம்பலில் இருந்து வந்த கொஞ்சம் பொட்டாசியமும் கால்சியமும்தான். அப்படிச் சுட்ட துகளில் ஆவாரையின் மருத்துவக் குணம் இறங்கியிருக்கிறது என்று முடிவுரையில் எழுதினால் அது உண்மை ஆகாது. இலையின் சத்து துகளின் மேல் இருக்க வேண்டுமானால் 80 டிகிரியில் உலர்த்தி நிறுத்துங்கள். படிகம் தெளிவாக வேண்டுமானால் சுடுங்கள். இரண்டையும் ஒரே துகளில் எதிர்பார்க்க முடியாது. சித்த மருத்துவத்தில் துத்தநாகத்தில் செய்யும் நாக பற்பமும் இரும்பில் செய்யும் அயச் செந்தூரமும் மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டுச் செய்யப்படுபவை. புடத்தில் சாறு எரிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்ற கேள்வி அங்கும் உண்டு. அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

## துத்தநாக ஆக்சைடு

முதுகலை அளவில் ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

தோலுக்கு இது புதிய பொருள் இல்லை. காலமைன் லோஷனிலும், குழந்தைகளின் அணையாடைப் புண்ணுக்குப் பூசும் களிம்பிலும், வெயில் தடுப்புக் களிம்பிலும் நெடுங்காலமாக இருக்கிறது. கிருமியை மூன்று வழிகளில் தாக்குகிறது: துத்தநாக அயனியை விடுகிறது, வீரியமுள்ள ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது, கிருமியின் சுவரில் நேரடியாக ஒட்டுகிறது. நடுநிலை நீரில் அதன் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டது, பாக்டீரியாவின் சுவரோ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் ஒட்டுவது எளிது.

செய்முறையும் கைக்கு அடங்கியது. 0.1 மோலார் துத்தநாக நைட்ரேட் 100 மில்லி செய்ய ஹெக்சாஹைட்ரேட் உப்பு ஏறக்குறைய 2.97 கிராம் போதும். அதில் இருக்கும் துத்தநாகம் முழுவதும் ஆக்சைடானாலும் 0.81 கிராம்தான் கிடைக்கும். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தராசில் 1.1 கிராம் காட்டினால் மகிழ வேண்டாம். கழுவாத உப்போ, எரியாத இலைச் சத்தோ, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிய கார்பனேட்டோ உள்ளே இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடை அளவுக்கு மீறி ஊற்றினாலும் வம்பு. துத்தநாக ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். வீழ்படிவு கண் முன்னாலேயே காணாமல் போகும்.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில் 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று உயர்ந்த முகடுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த மூன்றையும் பார்த்துவிட்டால் ஐயமில்லை. புற ஊதா உறிஞ்சுதலில் 360 முதல் 380 நானோமீட்டருக்குள் ஒரு தோள் தெரியும். இரண்டு சோதனைகளிலேயே அடையாளம் உறுதியாகிவிடுவது மாணவருக்குப் பெரிய சேமிப்பு.

இனி மறைவான செலவு. என் ஆய்வின் முதல் ஆண்டில் பெட்ரி தட்டில் என் துகளைச் சுற்றிப் பெரிய தடை வட்டம், அதாவது கிருமி வளராத வட்டம், வந்தது. இரவு பத்து மணிக்கு வழிகாட்டியின் வீட்டுக்கே போய்க் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "துகளைக் கரைத்த நீரின் பி.எச். என்ன?" என்று மட்டும் கேட்டார். அளந்து பார்த்தபோது தாள் கருநீலமாக மாறியது. இரண்டு முறை மட்டுமே கழுவியிருந்தேன். கிருமியைக் கொன்றது மிச்சமிருந்த காரம். ஏழு முறை கழுவி மறுபடி செய்தபோது வட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து கடைசிக் கழுவல் நீர் நடுநிலைக்கு வரும்வரை என் மாணவர்கள் யாரும் சோதனைக்குப் போவதில்லை.

இன்னொன்று, தட்டு முறையே இதற்குச் சரியான சோதனை இல்லை. கரையாத துகள், தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழில் பரவாது. நீங்கள் அளக்கும் வட்டம் கரைந்து வெளியே வந்த அயனியின் வட்டம். திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடை அளவைக் கண்டுபிடியுங்கள். கூடவே அதே அளவு துத்தநாகம் உள்ள சாதாரண உப்புக் கரைசலையும் வையுங்கள். உப்பே அதே வேலையைச் செய்தால் நானோ துகளின் பங்கு என்ன என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். பாஸ்பேட் கலந்த தாங்கல் கரைசலில் துகளைப் போட்டால் மேற்பரப்பில் துத்தநாக பாஸ்பேட் படிவதையும் மறக்காதீர்கள்.

எப்போது வேண்டாம்? இரத்தத்தில் செலுத்த நினைத்தால் வேண்டாம். உயிரணுவுக்குள் போனதும் லைசோசோம் என்ற செரிமானப் பையின் அமிலத்தில், அதாவது பி.எச். 4.5 முதல் 5 வரையுள்ள சூழலில், துத்தநாக ஆக்சைடு கரைந்து அயனிகளை ஒரேயடியாகக் கொட்டும். புற்றணுவுக்கு எதிராக இதையே பயன்படுத்தலாம் என்று பலர் ஆய்கிறார்கள். நல்ல அணுவும் அதே போலச் சாகும் என்பதுதான் தொல்லை.

## இரும்பு ஆக்சைடு

இந்த ஐந்தில், மருந்தாக உண்மையிலேயே மனித இரத்தத்துக்குள் போயிருக்கும் நானோ துகள் இதுதான். சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்கு ஃபெருமாக்சிடால் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் அனுமதி தந்தது. காந்த அதிர்வுப் படத்தில் மாறுபாடு காட்டவும், மாறுகாந்தப் புலத்தில் சூடேறிக் கட்டியைச் சுடவும் இரும்பு ஆக்சைடு பயன்பட்டிருக்கிறது. மூளைக் கட்டிக்கான அப்படி ஒரு சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2010இல் அனுமதி கிடைத்தது. உடம்பு இரும்பை அறியும், சேமிக்கும், இரத்தத்துக்குப் பயன்படுத்தும். மருத்துவ வாய்ப்பு என்று பார்த்தால் ஐந்திலும் முதல் இடம் இதற்கே.

அப்படியிருந்தும் இலைச்சாற்று வழியில் எளிதில் ஏமாற்றுவதும் இதுவே. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் எழுதுமை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீல அணைவுச் சேர்மம் உண்டாகும். இப்போது ஒரு மாணவர் தேயிலைச் சாற்றையோ கருவேலம்பட்டைச் சாற்றையோ எடுத்து ஃபெர்ரிக் குளோரைடில் ஊற்றுகிறார். ஊற்றிய நொடியில் கரைசல் கறுக்கிறது. "நானோ துகள் உருவாகிவிட்டது" என்று நோட்டில் எழுதிவிடுகிறார். அவர் செய்தது மை. எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு அனுப்பினால் கூர்மையான முகடு எதுவும் வராமல் ஒரு மேடு மட்டும் வரும். அந்த மேட்டைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். அதற்கு அனுப்பும் முன்னால் ஒரு காசும் செலவில்லாத சோதனை உண்டு. குப்பியின் பக்கத்தில் வலுவான காந்தத்தை வையுங்கள். மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள கறுப்பு இரும்பு ஆக்சைடு என்றால் கறுப்பு முழுவதும் ஒரே பக்கச் சுவருக்குப் போய் ஒட்டி, நீர் தெளியும். மை அசையாது.

மேக்னடைட் வேண்டுமானால் இரும்பு +2, +3 இரண்டும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வேண்டும், காற்றுப் படாமல் நைட்ரஜனில் செய்ய வேண்டும், காரம் வேண்டும். 1981இல் மசார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தந்த இந்த இணைவீழ்படிவு முறை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே நான் மாணவர்களிடம் தயங்காமல் சொல்வது: துகளை வேதி முறையில் செய்யுங்கள், போர்வைக்குத் தாவரத்தைக் கொண்டு வாருங்கள். ஃபெருமாக்சிடாலின் சிறப்பே அதன் கார்போஹைட்ரேட் போர்வைதான். நம் கருவேலம் பிசின் போன்ற தாவரப் பிசினைப் போர்வையாகச் சோதிப்பது, இலைச்சாற்றில் மை செய்வதைவிட எத்தனையோ மடங்கு நேர்மையான தாவர வழி.

மறைவான செலவு நிறைய. மேக்னடைட்டையும் அதன் ஆக்சிஜனேறிய வடிவமான மேக்ஹமைட்டையும் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் எளிதில் பிரித்துக் காட்டாது. காந்தத் தன்மையை அளக்கத் தனிக் கருவி வேண்டும். ஏறக்குறைய 20 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் புலத்தை எடுத்ததும் காந்தம் மறையும் அந்தத் தன்மை கிடைக்கும். இரத்தத்தில் செலுத்தும் மருந்து என்றால் பொறுப்பும் பெரிது. அனுமதி பெற்ற ஃபெருமாக்சிடாலுக்கே கடுமையான ஒவ்வாமை அபாயம் பற்றி 2015இல் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்தார்கள்.

எங்கள் ஊரில் இரும்பு ஆக்சைடு காலுக்கடியிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சிவப்புத் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புக்கும் நிறம் தருவது அதுதான். நூறு ஆண்டு மிதித்தாலும் மங்காத அந்த நிலைத்தன்மைதான் மருத்துவத்திலும் இதற்குப் பலம்.

## செப்பு ஆக்சைடு

கிருமியைக் கொல்வது மட்டுமே இலக்கு என்றால் இதை வெல்வது கடினம். செம்புக் குடத்து நீரைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் செப்புக் கலவைகளைக் கிருமி கொல்லும் பரப்புகளாகப் பதிவு செய்தது.

வேதியியலும் சுவையானது. ஐந்தில் இலைச்சாற்றின் ஒடுக்கும் வேலை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியக்கூடியது இங்கேதான். பள்ளியில் செய்த பெலிங் சோதனையை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் நீலக் கரைசலில் செங்கல் நிற வீழ்படிவு வரும். அது குப்ரஸ் ஆக்சைடு. இலைச்சாற்றிலும் சர்க்கரை உண்டு. ஆகவே உங்கள் குடுவையில் கறுப்புச் செப்பு ஆக்சைடும் சிவப்புக் குப்ரஸ் ஆக்சைடும், சில வேளை உலோகச் செம்பும் கலந்து வரலாம். ஒவ்வொரு முறையும் வேறு விகிதத்தில் வரலாம். காற்றில் சுட்டால் எல்லாம் கறுப்பு ஆக்சைடாகிவிடும், ஆனால் அப்போது இலையின் போர்வையும் போய்விடும்.

நான்காவது அளவுகோலில்தான் இது விழுகிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் மனித நுரையீரல் உயிரணுக்களில் பல உலோக ஆக்சைடுத் துகள்களை ஒப்பிட்டபோது, செப்பு ஆக்சைடே மிக அதிக நச்சுத்தன்மை காட்டியது. எனவே திறந்த புண்ணுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவமனைக் கதவுக் கைப்பிடி, படுக்கை விரிப்பு, முகக்கவசத் துணி போன்ற பரப்புகளுக்கு என்றால் தாராளமாக எடுங்கள். அங்கே துகள் துணியிலிருந்து எவ்வளவு கழன்று வருகிறது என்பதையும் சலவைக்குப் பிறகு அளந்து சொல்லுங்கள்.

## டைட்டானியம் டை ஆக்சைடு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இலை வழிக்கு இது பொருந்துவதில்லை என்பது என் முடிவு. டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு தண்ணீரைப் பார்த்ததுமே வெள்ளையாகத் திரிந்துவிடும். காற்றின் ஈரமே போதும். இலைச்சாற்றில் ஊற்றினாலும் வெறும் நீரில் ஊற்றினாலும் வீழ்படிவு வரும். இலையால் வந்தது என்று எப்படிச் சொல்வது? அதோடு, இந்த ஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேஸ் தெளிவாக வரப் பெரும்பாலும் 450 டிகிரிக்குச் சுட வேண்டும். போர்வை போயிற்று.

மருத்துவத்தில் அதன் இடம் பெரியதுதான். 1965இல் பிரானெமார்க் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியப் பல் வேர் எலும்போடு இணைந்ததற்கு, உலோகத்தின் மேல் தானாக உண்டாகும் மெல்லிய ஆக்சைடுப் படலம் முக்கியக் காரணம். ஆனால் அது படலம், பொடி இல்லை. பொடியைப் பொறுத்தவரை, மூச்சில் போனால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற 2பி வகையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவுச் சேர்க்கையாக அதைத் தடை செய்தது. கிருமியைக் கொல்ல அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும் என்பதால், கட்டுக்குள் இருட்டாக இருக்கும் புண்ணில் அது வேலை செய்யாது. கூழ்மக் கரைசல் முறையில் வேதி வழியாகச் செய்யக் கற்றுக்கொள்ள விரும்பினால் மட்டும் எடுங்கள்.

## சீரியம் ஆக்சைடு

ஆய்வு மனம் கொண்டவர்களுக்கு, குறிப்பாக முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டு கையில் இருப்பவர்களுக்கு, எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. சீரியம் +3, +4 என்ற இரு நிலைகளுக்கு இடையே மாறி மாறிப் போகும். அதனால் உடம்பின் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் நொதிகளைப் போல நடந்து, வீரியமுள்ள ஆக்சிஜனை அடக்குகிறது. துத்தநாகமும் செம்பும் தீ மூட்டும் இடத்தில் இது தீயை அணைக்கிறது. ஆறாத புண், மூட்டு அழற்சி, கதிர்வீச்சுப் பாதிப்பு போன்றவற்றில் இதை ஆய்கிறார்கள். இலைச்சாற்றின் பாலிபீனால்கள் +3 நிலையைத் தாங்கிப் பிடிக்க உதவக்கூடும் என்பதால், தாவர வழிக்கு இங்கே உண்மையான ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கிறது. மூலப்பொருள் நம் கடற்கரையிலேயே உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட்டில் சீரியம் ஏராளம்.

ஆனால் +3க்கும் +4க்கும் உள்ள விகிதத்தை அளக்காமல் இதைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலைச் சோதனை வேண்டும். அது விலை கூடியது, வரிசையும் நீளம். பாஸ்பேட் கரைசலில் வைத்தால் அதன் நொதித் தன்மை மாறிவிடும். அமிலச் சூழலில் எதிர்மாறாக ஆக்சிஜனேற்றியாகவும் நடக்கும். இலைச்சாறே நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பதால், வெறும் சாறு எவ்வளவு செய்கிறது என்பதைக் கழித்துக் காட்டாத ஆய்வுக்கு மதிப்பில்லை.

## ஒரே பார்வையில்

| | துத்தநாகம் | இரும்பு | செம்பு | டைட்டானியம் | சீரியம் |
|---|---|---|---|---|---|
| பொருத்தமான இடம் | தோல், புண் கட்டு | இரத்தம், படமெடுத்தல், சூடேற்றல் | துணி, பரப்பு | பல், எலும்புப் பொருத்துகளின் படலம் | அழற்சி, ஆறாத புண் |
| இலையின் உண்மைப் பங்கு | போர்வை, அளவுக் கட்டுப்பாடு | பெரும்பாலும் மை. பிசினாகப் போர்த்தலாம் | ஒடுக்கமும் போர்வையும் | மிகக் குறைவு | +3 நிலையைத் தாங்குதல் |
| மறுபடி அதே துகள் | ஓரளவு எளிது | கடினம் | மிகக் கடினம் | இலையின்றி எளிது | நடுத்தரம் |
| உயிரணுப் பாதுகாப்பு | அளவு பார்த்தால் சரி | நல்லது | மோசம் | மூச்சில் ஆபத்து | நல்லது, சூழலைப் பொறுத்தது |
| நிரூபிக்கும் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் |
| யாருக்கு | முதுகலை | முனைவர் பட்டம் | முதுகலை, துணி ஆய்வு | வேதி வழி கற்பவர் | முனைவர் பட்டம் |

## இலையைத் தேர்ந்தெடுக்கும்போது

எந்த இலை என்பதற்கு நான் தரும் விடை ஏமாற்றமாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும் இலை. அரிய மூலிகை வேண்டாம். தேவகோட்டைச் சாலையோரத்தில் பங்குனியில் பறித்த ஆவாரையும் ஐப்பசி மழைக்குப் பின் பறித்த ஆவாரையும் ஒரே செடியில் இருந்து வந்தாலும் ஒரே சாற்றைத் தருவதில்லை. வடித்த சாற்றின் நிறமே வேறு. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய இலையை ஒரே நாளில் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பீனால் அளவை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாளில் பூஞ்சை பிடிக்கும், அன்றன்று வடித்துக்கொள்வதே நல்லது.

செடியின் பெயரை ஆசிரியர் சொன்னார் என்பது போதாது. பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகம் போன்ற இடத்தில் காட்டி, மாதிரி எண் வாங்குங்கள். காப்புரிமை வரை போக நினைத்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டம் குறுக்கே வரும். சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைத் தொடக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

## எந்தத் தேர்வானாலும் ஆகும் செலவு

மூன்று தனித்தனி தொகுதிகள் செய்ய வேண்டும். ஒரு தொகுதியை மூன்றாகப் பிரித்து அளப்பது வேறு, மூன்று முறை செய்வது வேறு. எக்ஸ்-கதிர் முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவு. மின்னணு நுண்ணோக்கி காட்டுவது துகளின் அளவு. ஒளிச்சிதறல் கருவி காட்டுவது நீரில் போர்வையோடும் கூட்டத்தோடும் மிதக்கும் அளவு. மூன்று எண்களும் வேறாக வருவது இயல்பு. மூன்றையும் எழுதுங்கள், அழகான எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உயிரணுச் சோதனையில் ஐ.எஸ்.ஓ. 10993 தரத்தின் ஐந்தாம் பகுதி ஒரு கோடு போட்டிருக்கிறது: உயிரோடு இருக்கும் அணுக்கள் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது நச்சு. புற்றணுவைக் கொன்றதாகச் சொல்பவர்கள் அதே அளவில் நல்ல அணு என்ன ஆயிற்று என்பதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் வெளியிட்ட நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகளை ஒருமுறை படித்துவிட்டு, உங்கள் பணி எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் படியில்தான் நிற்கும். பெட்ரி தட்டில் நடந்ததை நோயாளிக்கு மருந்து என்று எழுதுவது, அதைப் படிக்கும் ஏழை நோயாளிக்குச் செய்யும் தீங்கு. என் உறவினர் ஒருவர் சர்க்கரைப் புண்ணுக்கு மருத்துவரிடம் போகாமல், அலைபேசியில் படித்த "நானோ மூலிகை"யைத் தேடி மூன்று வாரம் கடத்தினார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரை நினைத்துத்தான் இந்தப் பத்தியை எழுதினேன்.

தேவகோட்டையிலிருந்து வந்த மாணவி ஒருவர் முதலில் கடுக்காயில் இரும்பு ஆக்சைடு செய்வதாக இருந்தார். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்டுக்கொண்டு துத்தநாகத்துக்கு மாறினார். சுடாமல் 80 டிகிரியில் உலர்த்துவது, அதைப் பருத்தித் துணியில் ஏற்றுவது என்று திட்டம். சென்ற வாரம் ஆய்வகத்தில் ஐந்து குழாய்களுக்கு ஒட்டுத்தாள் எழுதிக்கொண்டிருந்தார். முதலாவது இலை வழித் துகள். இரண்டாவது இலையில்லாமல் செய்த துகள். மூன்றாவது வெறும் இலைச்சாறு. நான்காவது அதே துத்தநாகம் கொண்ட உப்பு. "ஐந்தாவதுக்கு என்ன எழுதுவது ஐயா?" என்று கேட்டார். கடைசிக் கழுவல் நீர் என்று எழுதச் சொன்னேன்.